மாற்று நுரையீரலுக்குத் துப்புச் சொல்லும் வைரஸ்... தெரியுமா?

நீங்கள் இந்த வரியை வாசிக்கும் நொடியில் உங்கள் ரத்தத்தில் ஒரு வைரஸ் ஓடிக்கொண்டிருக்கலாம், தெரியுமா? காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, உடம்பு வலி இல்லை. ஆனாலும் அது இருக்கும். உலகில் பத்துப் பேரைப் பிடித்துப் பரிசோதித்தால் ஏறத்தாழ ஒன்பது பேரின் ரத்தத்தில் இருக்கிறது. பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே குழந்தைகளிடம் குடியேறிவிடுகிறது. பெயர் டார்க் டெனோ வைரஸ். பயந்துபோய் டாக்டரிடம் ஓட வேண்டாம்! இந்த வைரஸால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்லும்படி இதுவரை ஒரு நோய்கூடக் கிடையாது.

நோயே தராத வைரஸைப் பற்றி எதற்கு இத்தனை பேச்சு என்கிறீர்களா? நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் உடம்பில் நோய் எதிர்ப்பு சக்தி எவ்வளவு அடங்கிக் கிடக்கிறது, எவ்வளவு விழித்திருக்கிறது என்பதை இந்த வைரஸின் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கிறது! இத்தனை காலம் மருத்துவர்கள் தேடிக்கொண்டிருந்த ஒரு துப்பு, எல்லோருடைய ரத்தத்திலும் சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதை தெரியுமா? 1997. ஜப்பான். ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு நோயாளிக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. ஹெபடைடிஸ் ஏ இல்லை, பி இல்லை, சி இல்லை. அப்படியென்றால் புதிதாக ஏதோ ஒன்று என்று நிஷிசாவாவும் ஒகமோட்டோவும் அவர்களுடைய குழுவினரும் துருவினார்கள். ஒரு புது வைரஸின் மரபணுத் துண்டு அகப்பட்டது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்றுதான் உலகமே நினைத்தது. பிறகு ஆரோக்கியமான ரத்தக் கொடையாளர்களைச் சோதித்தால் அவர்களிடமும் இருக்கிறது! எங்கே தேடினாலும் இருக்கிறது. எச்சிலில், தாய்ப்பாலில், மலத்தில், சாக்கடை நீரில்கூட இருக்கிறது. கல்லீரல் அழற்சிக்குக் காரணம் என்ற சந்தேகம் நிரூபணமாகவில்லை. ஆராய்ச்சி உலகம் கிட்டத்தட்ட ஆர்வத்தையே இழந்துவிட்டது.

எவ்வளவு சின்ன வைரஸ் தெரியுமா? இதன் மரபணு ஒரு வளையம். ஒற்றை இழை டி.என்.ஏ. அதில் சுமார் 3,800 எழுத்துகள்தான். கொரோனா வைரஸுக்கு ஏறத்தாழ 30,000 எழுத்துகள். மனிதனுக்கோ சுமார் 300 கோடி! இத்தனை சிறியது ஒரு நாளில் எத்தனை பிரதிகள் எடுக்கிறது என்று இத்தாலியில் ஒரு குழு 2001-இல் கணக்குப் போட்டது. ஒரே மனிதரின் உடம்பில் ஒரு நாளைக்கு ஆயிரம் கோடிக்கும் மேல்! அதில் மிகப் பெரும்பகுதியை உடம்பு அன்றன்றைக்கே துடைத்துத் தள்ளிவிடுகிறது. பிறக்கிறது, அழிகிறது, பிறக்கிறது, அழிகிறது... நம் ஆயுசு முழுக்க இந்த இழுபறி நமக்குத் தெரியாமலே நடக்கிறது.

இந்த இழுபறியில்தான் விஷயமே இருக்கிறது. வைரஸைத் துடைத்துத் தள்ளுவது நோய் எதிர்ப்பு சக்தி. அந்த சக்தி தளர்ந்தால் வைரஸ் பெருகும். நிமிர்ந்தால் வைரஸ் குறையும். ஆக, வைரஸை எண்ணினால் எதிர்ப்பு சக்தியை எண்ணியதுபோல! எவ்வளவு எளிய யோசனை, எவ்வளவு அழகான யோசனை!

இது ஏன் நுரையீரல் மாற்றியவர்களுக்கு இவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் நுரையீரலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மனிதனின் இரண்டு நுரையீரல்களிலும் சேர்த்துச் சராசரியாக 48 கோடி காற்று நுண்ணறைகள் இருக்கின்றன, தெரியுமா? ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர் அளவுக்குக் காற்று உள்ளே போய் வெளியே வருகிறது. மாற்றி வைத்த இதயமோ சிறுநீரகமோ உடம்புக்குள்ளே பத்திரமாக மூடிக் கிடக்கிறது. மாற்றி வைத்த நுரையீரல் அப்படி இல்லை. தூசி, புகை, பூஞ்சை, பாக்டீரியா, பக்கத்து சீட்டுக்காரரின் தும்மல் எல்லாமே முதல் நொடியிலிருந்து நேராக அதற்குள்தான் போகும். அதுவும் எப்படிப்பட்ட நிலையில்? அறுவை சிகிச்சையில் நரம்புகளைச் சேர்த்துத் தைக்க முடியாது. தையலுக்குக் கீழே சளி சேர்ந்தாலும் புது நுரையீரல் வழக்கம்போல இருமலைத் தூண்டாது! நிணநீர்க் குழாய்களும் துண்டிக்கப்பட்டிருக்கும். மூச்சுக்குழாய்ச் சுவருக்கு ரத்தம் கொண்டுவரும் சின்னத் தமனிகளைப் பெரும்பாலும் இணைப்பதே இல்லை.

இன்னொரு பக்கம், நுரையீரலுக்குள் எதிர்ப்பு சக்தியின் அணுக்கள் ஏராளம். கொடையாளரின் அணுக்களும் கூடவே வருகின்றன. அதனால் உடம்பு அதை அந்நியம் என்று அடையாளம் கண்டு தாக்குவதும் மற்ற உறுப்புகளைவிட அதிகம். அதை அடக்க மருந்தையும் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். கூடுதல் மருந்து கொடுத்தால் தொற்று வரும். தொற்றுக்குப் பயந்து மருந்தைக் குறைத்தால் உறுப்பை உடம்பு தாக்கும். நடுவே நடக்க இருக்கும் பாதை அவ்வளவு குறுகல்! இதயம் மாற்றியவர்களில் பாதிப் பேர் 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். நுரையீரல் மாற்றியவர்களில் பாதிப் பேர் வாழ்வது 6, 7 ஆண்டுகள்தான். இந்த இடைவெளியைக் குறைப்பதற்காகத்தான் இத்தனை பேர் ராப்பகலாக உழைக்கிறார்கள்.

முதல் நுரையீரல் மாற்று எப்போது நடந்தது தெரியுமா? 1963 ஜூன் 11. அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகம். செய்தவர் ஜேம்ஸ் ஹார்டி. நோயாளி வாழ்ந்தது 18 நாட்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் உலகம் முழுக்க 40 பேர் அளவுக்குத்தான் முயன்று பார்த்தார்கள். அவர்களில் அதிகபட்சமாக வாழ்ந்தவர் பெல்ஜியத்தில் 1968-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். பத்து மாதங்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரியை விட்டே வெளியே வரவில்லை. பிறகு 1983-இல் கனடாவின் டொரண்டோவில் ஜோயல் கூப்பர் ஒற்றை நுரையீரலை மாற்றி வைத்தார். அந்த நோயாளி ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்! கூப்பர் செய்த வேலையில் ஒன்று கேளுங்கள். மூச்சுக்குழாய்த் தையல் ஆறுவதற்காக, வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையை மேலே இழுத்து அந்தத் தையலைச் சுற்றி வைத்தார். அதிலிருந்து புது ரத்தநாளங்கள் வந்து தையலைக் காப்பாற்றின.

எதிர்ப்பு சக்தியை அடக்கி அவருக்குக் கைகொடுத்த மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? மண்ணிலிருந்து! சாண்டோஸ் என்ற சுவிஸ் மருந்து நிறுவனம், விடுமுறைக்குப் போகும் ஊழியர்களிடம் போகிற இடத்தில் கொஞ்சம் மண் எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருந்தது. 1969-இல் நார்வேயின் ஹார்டாங்கர்விடா பீடபூமியிலிருந்து ஒருவர் கொண்டுவந்த மண்ணில் இருந்த பூஞ்சையில்தான் சைக்ளோஸ்போரின் கிடைத்தது. அடுத்து 1984-இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து டாக்ரோலிமஸ் வந்தது. இன்று நுரையீரல் மாற்றியவர்களில் பெரும்பாலோர் காலையும் மாலையும் விழுங்குவது அதைத்தான். மூன்றாவது, சிரோலிமஸ். 1964-இல் ஒரு கனடியக் குழு ஈஸ்டர் தீவிலிருந்து எடுத்துவந்த மண்ணில் கிடைத்தது. அதைப் பிரித்தெடுத்தவர் நம் துணைக்கண்டத்தில் பிறந்த சுரேந்திரநாத் சேகல். அவர் வேலைபார்த்த நிறுவனம் அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டு மாண்ட்ரியல் ஆய்வகத்தை மூடியபோது, மருந்தைத் தரும் பாக்டீரியாவை வீட்டுக்கு எடுத்துப்போய் ஃப்ரீசரில் வைத்துப் பல ஆண்டுகள் காப்பாற்றினார்! இத்தனை அருமையான மருந்துக்கும் நுரையீரல் விஷயத்தில் ஒரு தடை உண்டு. அறுவை சிகிச்சை முடிந்த கையோடு கொடுத்தால் மூச்சுக்குழாய்த் தையல் பிரிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. அது ஆறும் வரை சிரோலிமஸைத் தொட மாட்டார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். டாக்ரோலிமஸ் போதுமா, அதிகமா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுத்து, அதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறார்கள். ஒரு மில்லிலிட்டரில் சுமார் 10 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம்! அதைக்கூட அளக்க முடிகிறதே என்று வியக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த அளவு மருந்தைப் பற்றிச் சொல்கிறதே தவிர, மனிதரைப் பற்றிச் சொல்லவில்லை. குழம்பில் எத்தனை கரண்டி உப்புப் போட்டோம் என்று கணக்கு வைத்துக்கொள்வது ஒன்று, நாக்கில் வைத்துப் பார்ப்பது வேறொன்று. ஒரே 10 நானோகிராம் ஒருவருக்கு அளவோடு இருக்கும், இன்னொருவரின் எதிர்ப்பு சக்தியை அடியோடு படுக்க வைத்துவிடும், மூன்றாமவருக்குப் போதாமல் போகும். அது மட்டுமா? இந்த மருந்து சிறுநீரகத்தையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். தேவைக்கு மேல் ஒரு துளிகூடக் கொடுக்கக் கூடாது. அந்தத் தேவை எது என்று சொல்லத்தான் ஆளில்லாமல் இருந்தது.

2013-இல் அந்த ஆள் கிடைத்த விதம் இருக்கிறதே, அதுதான் அதிசயம்! அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் குவேக்கின் குழு வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தது. மாற்றி வைத்த உறுப்பு சேதமானால், கொடையாளரின் டி.என்.ஏ. துணுக்குகள் நோயாளியின் ரத்தத்தில் மிதக்கும். அதை எண்ணினால் உறுப்பின் நிலை தெரிந்துவிடும் என்பது அவர்கள் யோசனை. ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. முழுவதையும் வாசித்தார்கள். மனித டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்த பிறகு மிச்சம் கொஞ்சம் நின்றது. மனிதனுடையது இல்லாத மிச்சம். வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை! இதயமும் நுரையீரலும் மாற்றிக்கொண்ட 96 பேரிடம் எடுத்த 656 ரத்த மாதிரிகளில் அந்த மிச்சத்தைத் துழாவினார்கள். மருந்து தொடங்கியதும் ஒரு வைரஸ் குடும்பம் மட்டும் மளமளவென்று பெருகியிருந்தது. அனெல்லோ குடும்பம். நம் டார்க் டெனோவின் குடும்பம்! இன்னும் ஒன்று: உடம்பு உறுப்பைத் தாக்கிய நோயாளிகளிடம் இதே வைரஸ் குறைவாக இருந்தது. அதாவது எதிர்ப்பு சக்தி விழித்திருந்தவர்களிடம் குறைவு, அடங்கிக் கிடந்தவர்களிடம் அதிகம்.

அதே ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் வியன்னாவிலும் இதே வேட்டை நடந்துகொண்டிருந்தது. மனித ரத்த வகைகளை 1901-இல் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் கண்டுபிடித்த ஊர் அது. ஒருவரின் ரத்தம் இன்னொருவருக்குச் சேருமா என்ற கேள்விக்கு முதல் விடை தந்த ஊரிலேயே, ஒருவரின் நுரையீரல் இன்னொருவரிடம் நிலைக்குமா என்ற கேள்விக்கும் ரத்தத்தில் விடை தேடினார்கள்! வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் வால்டர் கிளெப்பெட்கோ, பீட்டர் யாக்ஷ் முதலிய நுரையீரல் மருத்துவர்களும், இரேனே கோர்ட்சர், எலிசபெத் புக்ஹாம்மர் ஆகிய வைரஸ் நிபுணர்களும் சேர்ந்து உழைத்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்து முதல் இரண்டு மூன்று மாதங்களில் டார்க் டெனோ ஏறு ஏறு என்று ஏறுகிறது. பிறகு ஒரு மட்டத்துக்கு வந்து நிற்கிறது. அந்த மட்டம் ஆளுக்கு ஆள் வேறு. 2018-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் இரண்டு எல்லைகள் தெரிந்தன. ஒரு மில்லிலிட்டர் ரத்த நீரில் இந்த வைரஸ் சுமார் 300 கோடியைத் தாண்டினால், எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறி அடங்கிவிட்டது, தொற்று வரும் ஆபத்து அதிகம். ஒரு கோடிக்குக் கீழே இறங்கினால், எதிர்ப்பு சக்தி மிதமிஞ்சி விழித்துவிட்டது, நுரையீரலை நாள்பட்டுக் கெடுக்கும் நிராகரிப்புக்கு வழி திறந்துவிட்டது.

அடேயப்பா! ஒரு கோடிக்கும் 300 கோடிக்கும் நடுவே பத்திரமான பாதை. ஆரம்பத்தில் சொன்ன குறுகலான பாதைக்குக் கடைசியில் இரண்டு பக்கமும் எல்லைக்கல் நட்டாயிற்று!

நம் உடம்பில் இருக்கும் மற்ற வைரஸ்கள் இந்த வேலையைச் செய்யாதா என்று கேட்கத் தோன்றும். செய்யும், ஆனால் அரைகுறையாக. சைட்டோமெகலோ வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் மாற்றியவர்களுக்கு அது பெரிய எதிரி. அதனால் பல மாதங்கள் வால்கேன்சிக்ளோவிர் கொடுத்து முன்கூட்டியே அடக்கிவிடுகிறார்கள். அடக்கிய பிறகு அதன் எண்ணிக்கை மருந்தின் கதையைத்தான் சொல்லும், எதிர்ப்பு சக்தியின் கதையைச் சொல்லாது. டார்க் டெனோவுக்கோ மருந்தே கிடையாது! அது பிரதி எடுப்பது நம் அணுக்களின் சொந்த இயந்திரத்தை வைத்து. சைட்டோமெகலோ போன்ற ஹெர்பிஸ் வகைகளை அடக்கும் மருந்து அதைப் பெரிதாகத் தொடுவதில்லை. நோய் தராது, மருந்துக்கு அடங்காது, அனேகமாக எல்லோரிடமும் இருக்கும். இப்படி ஒரு சாட்சியை நாமாகத் தயாரிக்க நினைத்தாலும் முடியாது.

எப்ஸ்டீன்-பார் வைரஸின் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு புற்றுநோய்க் கட்டியில் வைரஸ் இருக்கிறதா என்று லண்டனில் ஆண்டனி எப்ஸ்டீன் தேடிக்கொண்டிருந்தார். உகாண்டாவிலிருந்து விமானத்தில் கட்டியின் துண்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றும் அகப்படவில்லை. 1963 டிசம்பரில் லண்டனில் மூடுபனி. விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. தாமதமாக வந்து சேர்ந்த சீசாவில் திரவம் கலங்கியிருந்தது. பாக்டீரியா புகுந்து கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்திருக்க வேண்டியது. எப்ஸ்டீன் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கலங்கலுக்குக் காரணம் பாக்டீரியா இல்லை, கட்டியிலிருந்து பிரிந்து உயிரோடு மிதந்த அணுக்கள்! அவற்றை வளர்த்தார்கள். 1964-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸ் கண்ணில் பட்டது. எப்ஸ்டீன், டிரினிடாட்காரரான பெர்ட் அச்சோங், இவோன் பார் ஆகிய மூவரும் உலகுக்கு அறிவித்த அதுதான் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று கண்டறியப்பட்ட முதல் வைரஸ். மூடுபனி இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ!

இந்த வைரஸும் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேற்பட்டவர்களிடம் ரத்தத்தின் பி அணுக்களுக்குள் தூங்குகிறது. எதிர்ப்பு சக்தியை அடக்கியவுடன் சிலரிடம் விழித்துக்கொள்கிறது. பி அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி நிணநீர்ப் புற்றாகவே மாறிவிடலாம். ஆனால் இதைக் கேளுங்கள். அப்படி வந்த புற்றுக்கட்டிகளில் சில, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் குறைத்தவுடன் தானாகவே கரைந்தன! கல்லீரல் மாற்று முன்னோடி தாமஸ் ஸ்டார்சல் 1984-இல் இதை எழுதியபோது பலருக்கு நம்பவே முடியவில்லை. இன்றும் அந்த நோய்க்கு முதலில் யோசிப்பது மருந்தைக் குறைப்பதைத்தான். அதனால்தான் மாற்று சிகிச்சை மையங்களில் இந்த வைரஸின் அளவையும் ரத்தத்தில் விடாமல் கவனிக்கிறார்கள்.

விண்வெளி வீரர்களுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு, தெரியுமா? விண்கலங்களிலும் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் இருந்த வீரர்களின் எச்சிலையும் சிறுநீரையும் ஹூஸ்டனில் நாசா பரிசோதித்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் தூங்கிக்கொண்டிருந்த ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்கள் விழித்திருந்தன. எப்ஸ்டீன்-பார், சின்னம்மை வைரஸ், சைட்டோமெகலோ எல்லாம் அதில் அடக்கம். மருந்தே இல்லாமல், விண்வெளியின் அழுத்தத்திலேயே எதிர்ப்பு சக்தி தளர்ந்துவிடுகிறது. அதையும் வைரஸ்கள் காட்டிக்கொடுத்தன!

டார்க் டெனோவைப் போலத் தீங்கில்லாததோடு, எச்.ஐ.வி.யோடு சேர்ந்து வந்தால் நோயாளிக்கு நன்மை செய்யும் வைரஸ்கூட உண்டு. பெகி வைரஸ் என்று பெயர். 1995-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இதுவும் நோய் தருவதாக நிரூபணமாகவில்லை. இது இருந்த எச்.ஐ.வி. நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகப் பல ஆய்வுகள் காட்டின.

நுரையீரலுக்குள்ளேயே என்ன நடக்கிறது தெரியுமா? அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் புஷ்மன், ரொனால்ட் கோல்மன் குழுவினர், நுரையீரல் மாற்றியவர்களின் மூச்சுக்குழாயில் உப்புநீர் விட்டுக் கழுவி எடுத்த திரவத்தை ஆராய்ந்தார்கள். அனெல்லோ வைரஸ்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக அங்கே மண்டிக் கிடந்தன. கொடையாளரின் நுரையீரலிலேயே அவை ஏராளமாக இருந்து, உறுப்போடு சேர்ந்தே வந்துவிடுகின்றன! இப்படித் தேடியபோது 2019-இல் அவர்களுக்கு முற்றிலும் புதிய வைரஸ் குடும்பம் ஒன்றும் அகப்பட்டது. ரெடோண்டோ வைரஸ்கள். மனிதனைத் தாக்கும் வைரஸ் என்றுதான் முதலில் எண்ணினார்கள். பிறகு பார்த்தால், அதன் உண்மையான வீடு நம் ஈறுகளில் வாழும் ஒரு அமீபா! நம் வாய்க்குள் அமீபா, அந்த அமீபாவுக்குள் ஒரு வைரஸ். மனித உடம்பைப் பற்றி நாம் கற்றது கைம்மண்ணளவுதான் என்று சும்மாவா சொல்கிறோம்.

கொரோனா காலத்தில் டார்க் டெனோ இன்னொரு உதவி செய்தது. நுரையீரல் மாற்றியவர்கள் பலருக்குத் தடுப்பூசி போட்டும் எதிர்ப்புப் பொருள் உருவாகவில்லை. யாருக்கு உருவாகும், யாருக்கு உருவாகாது? நெதர்லாந்தின் ராட்டர்டாம் மருத்துவர்கள் முதல் ஊசிக்கு முன்பே ரத்தத்தில் டார்க் டெனோவை அளந்தார்கள். அது அதிகமாக இருந்தவர்களுக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்கவில்லை. ஊசி போடும் முன்பே வைரஸ் விடையைச் சொல்லிவிட்டது!

இவ்வளவு நல்ல சாட்சியை ஏன் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இன்னும் நம்பி மருந்தை மாற்றுவதில்லை? நியாயமான காரணங்கள் இருக்கின்றன. இந்த வைரஸில் எத்தனையோ ரகங்கள். ஒரே மனிதருக்குள் பல ரகங்கள் ஒன்றாக வாழும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் பரிசோதனை முறை மாறினால் எண்ணிக்கையும் மாறும். முதல் மாதங்களில் அது ஏறிக்கொண்டே இருப்பதால் ஒரு நாள் அளவை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. இன்னும் விசித்திரம், இந்த வைரஸ் முக்கியமாகப் பெருகுவது எதிர்ப்பு சக்தியின் டி அணுக்களில். அறுவை சிகிச்சையின்போது டி அணுக்களையே அழிக்கும் மருந்து கொடுத்தால், வைரஸுக்கு வீடே இல்லாமல் போய் முதலில் அது குறைந்துவிடும்! குறைவு என்பதால் எதிர்ப்பு சக்தி விழித்திருக்கிறது என்று நினைத்தால் தப்பாகிவிடும். சிறுநீரகத்துக்கான எல்லைகள் வேறு, நுரையீரலுக்கான எல்லைகள் வேறு. சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு இந்த வைரஸைப் பார்த்தே மருந்தை ஏற்றி இறக்குவது சரிவருமா என்று வியன்னாவின் கிரெகோர் போண்ட் தலைமையில், ஐரோப்பாவின் 6 நாடுகளில் 13 மையங்களில் 260 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார்கள். சரியான வழி அதுதான். தொடர்பு தெரிகிறது என்பதாலேயே மருந்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் நோயாளிக்கு நல்லது நடக்கிறதா என்று காட்ட வேண்டும்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவில் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை அதிகம் நடக்கும் ஊர்களில் சென்னை முன்வரிசையில் இருக்கிறது. கொரோனாவில் நுரையீரல் கெட்டுப்போனவர்களுக்கும் இங்கே மாற்றியிருக்கிறார்கள். இங்கே ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது: காசநோய். மாற்று நுரையீரலோடு வாழ்பவருக்குக் காசநோய் வந்தால் ரிஃபாம்பிசின் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த மருந்து டாக்ரோலிமஸைக் கல்லீரலும் குடலும் மிக வேகமாகச் சிதைக்கும்படி செய்துவிடும். ரத்தத்தில் அளவு சரிந்துவிடும். பூஞ்சைக்கு எதிரான பல மருந்துகளோ நேர்மாறாக அளவை ஏற்றிவிடும். இப்படி அளவு ஏறி இறங்கி அலைபாயும் இடத்தில்தான் எதிர்ப்பு சக்தியை நேரடியாகக் காட்டும் ஓர் அளவுகோல் மிகமிகத் தேவை. அதனால் வியன்னாவின் எல்லைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நம் நோயாளிகளிடம், நம் தொற்றுகளுக்கு நடுவே இந்த வைரஸை அளந்து பார்க்கும் ஆய்வு நம் மையங்களில் நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இங்கே ஆட்களும் இருக்கிறார்கள், ஆய்வகங்களும் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் யாராவது மாற்று உறுப்போடு வாழ்கிறார்களா? அப்படியென்றால் இதைப் படித்துவிட்டு டார்க் டெனோ பரிசோதனைக்கு லேபைத் தேடி அலைய வேண்டாம். அந்த எண்ணைப் புரிந்து சொல்ல அதற்கென்றே பழகிய மருத்துவர் வேண்டும். அதைவிட அவசரமாகச் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. டாக்ரோலிமஸை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் கொடுங்கள். ரத்தப் பரிசோதனை நாளன்று, ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை. பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் வீட்டுக்குள் வர வேண்டாம், அவை ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். காய்ச்சல், இருமல் என்று மருந்துக்கடையில் எதை வாங்கும் முன்பும், நாட்டு மருந்தானாலும் சரி, மாற்று சிகிச்சை மையத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மாத்திரையை மட்டும் ஒருபோதும் நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்!